தத்ரீஸ் தையல் பெட்டி: தைத்து, துவைத்து, திருப்பிப் பார்த்த பின் எழுதும் மதிப்புரை

கடந்த ஆடி மாதக் கடைசியில் 3,450 ரூபாய் கொடுத்து இணையக் கடையொன்றில் பாலஸ்தீன எம்பிராய்டரிப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அரபியில் ‘தத்ரீஸ்’ எனப்படும் அந்தத் தையலைப் புதிதாகக் கற்பவர்களுக்கென்று துணி, நூல், ஊசி, வளையம், கட்ட வரைபடம், கையேடு எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி அனுப்புகிறார்கள். இந்தக் குறிப்பிட்ட பெட்டி சிறையிலிருக்கும் பாலஸ்தீனப் பெண்களின் நினைவாக வடிவமைக்கப்பட்டது என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்ததுதான் என்னை வாங்க வைத்தது. அங்கே கிடந்த பாராட்டுகளில் பெரும்பாலானவை ஒரு தையல்கூடப் போடாமல் எழுதப்பட்டவை என்பது கூடவே இருந்த புகைப்படங்களிலேயே தெரிந்தது. நூல் லச்சிகளின் தாள்பட்டையைக்கூட அவிழ்க்காமல் மேசைமேல் அழகாகப் பரப்பி வைத்திருந்தார்கள். நான் மார்த்தாண்டத்தில் 14 ஆண்டுகளாகத் தையல் வகுப்பு நடத்துகிறவள். வேலையை முடித்து, துவைத்து, இஸ்திரி போட்டு, அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே ஒரு கைவேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. ஆகவே 3 மாதம் கழித்து இதை எழுதுகிறேன்.

முதலில் பெட்டி வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எங்கள் ஊர்ப்பக்கத்தவர் யாரேனும் வாங்க நினைத்தால் அது உதவும். என் வீடு களியக்காவிளையில், சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம். பெட்டி பாறசாலையில் ஒரு கூரியர் கிடங்கில் 9 நாள் கிடந்தது. தமிழ்நாட்டு முகவரிக்குத் தாங்கள் கொண்டுவர முடியாது என்று அவர்களும், கேரளத்தில் இறக்கிய சரக்கு தங்கள் கணக்கில் ஏறாது என்று நாகர்கோவில் கிளையினரும் மாறி மாறிச் சொன்னார்கள். கடைசியில் நானே பேருந்தேறிப் போய் வாங்கி வந்தேன். போகவர ஆன நேரம் ஒரு மணிக்கும் குறைவு. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அந்தக் கோட்டின்மேல் குடியிருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிய சில்லறைத் தொல்லைதான். இதை ஒரு எல்லைத் துயரமாக நான் பெருக்கிச் சொல்லப்போவதில்லை, அதுவும் இந்தப் பெட்டிக்குள் வந்த கதைக்குப் பக்கத்தில் வைத்து. மீன் வாங்க அந்தப் பக்கம், ரேஷன் வாங்க இந்தப் பக்கம் என்று நாங்கள் நாளுக்கு நாலுமுறை கடக்கிற கோடு இது.

பெட்டிக்குள் 16 அங்குலச் சதுரக் கறுப்பு ஐடா துணி ஒன்று இருந்தது. அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணி. நெசவு ஒழுங்காக, கஞ்சி அளவாக இருந்ததால் கட்டங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன. நடுவில் பதிப்பதற்கென்று வெள்ளைத் துணிப் பட்டை ஒன்றும் தனியே இருந்தது. சிவப்பில் 6 லச்சியும், பச்சை, மஞ்சள், வெள்ளை ஆகியவற்றில் ஒவ்வொன்றும் வந்தன. முனை மழுங்கிய ஊசிகள் இரண்டும் நல்ல தரம், காது அகலமானது, வயதானவர்களும் எளிதாக நூல் கோக்கலாம். மர வளையம் மட்டும் மட்டம். திருகாணி இரண்டாம் நாளே வழுக்கத் தொடங்கியது. குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில் இதைவிட நல்ல வளையத்தை 60 ரூபாய்க்கு வாங்கலாம். நானும் கடைசியில் என் பழைய வளையத்தில்தான் தைத்தேன்.

நூலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு இழை பிரித்துத் தைக்கும்போது கட்டத்தை நிரப்புகிறது, பஞ்சு எழும்பவில்லை, முடிச்சு விழவில்லை. ஆனால் சிவப்புச் சாயம் போகிறது. நான் தனித்துண்டில் சோதித்துப் பார்த்தபோதே தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிட்டது. கறுப்புத் துணியில் அது தெரியாது, வெள்ளைப் பட்டையில் தைத்தவர்களின் கதை வேறு. என் மாணவி ஒருத்தி அவசரப்பட்டு வெந்நீரில் முக்கி எடுத்தாள். மூன்று வார வேலை பஞ்சுமிட்டாய் நிறத்துக்கு வந்துவிட்டது. மற்ற நூலில் பிழை பொறுக்கலாம், தத்ரீஸில் சிவப்பு நூலில் பிழை கூடாது. அந்தத் தையலின் உயிரே சிவப்பு. பட்டுநூல் புழங்கிய காலத்திலும் சரி, 1930களில் பிரான்சிலிருந்து வந்த பருத்தி எம்பிராய்டரி நூல் பாலஸ்தீனக் கடைத்தெருக்களை நிறைத்த பிறகும் சரி, எந்தச் சிவப்பு என்பதை வைத்தே எந்த வட்டாரத்துப் பெண் என்று சொல்லிவிடுவார்களாம். இந்தப் பெட்டியின் சிவப்பைத் தூக்கி வைத்துவிட்டு நான் கடையில் கிடைக்கும் ஆங்கர் நிறுவனத்து நூலில் தைத்தேன், சாயம் போகவில்லை.

வரைபடத்தில் மூன்று கோலங்கள் உள்ளன: வரிசையாக நிற்கும் சைப்ரஸ் மரங்கள், பெத்லகேம் நிலா என்று பெயர் பெற்ற எட்டுமுனை நட்சத்திரம், இரண்டுக்கும் நடுவே நெளிநெளியாக ஓடும் ஒரு கரை. அந்தக் கரையின் அரபுப் பெயருக்கு அட்டை என்று பொருள். பேச்சிப்பாறைக் காட்டுப்பக்கம் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு அட்டை காலில் எப்படி நெளிந்து ஏறும் என்று தெரியுமாகையால், என் வகுப்புப் பிள்ளைகள் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு முதலில் அதைத்தான் தைத்தார்கள். தத்ரீஸில் பெரும்பகுதி குறுக்குத் தையல்தான். புதிதாகக் கற்க ஏதுமில்லை. எண்ணிக்கை தவறாமல் எண்ணுவதே முழு வித்தை. துணியில் கோடு போடுவதில்லை, அச்சு வைப்பதில்லை. இத்தனை கட்டம் வலம், இத்தனை கட்டம் மேல் என்று மனத்தில் எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டம் பிசகினால் இருபது வரிசை தாண்டிய பிறகுதான் தெரியவரும். எனக்கு அப்படித்தான் தெரியவந்தது, ஆனால் பிசகு என்னுடையதில்லை. வரைபடத்தில் 41ஆம் வரிசையில் ஒரு கட்டம் அச்சில் விடுபட்டுப் போயிருக்கிறது. வலப்பக்கத்து மரத்தின் நுனி நட்சத்திரத்தோடு சேராமல் நின்றபோது நான் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். மூன்று மாலை வேலையைப் பிரித்துத் திரும்பத் தைத்து, மறுபடியும் அதே இடத்தில் முட்டிய பிறகே தாளைச் சந்தேகித்தேன். கடைக்காரருக்கு எழுதினேன். 11 நாள் கழித்து, மன்னிப்பு ஏதும் இல்லாமல், திருத்திய வரைபடம் மின்னஞ்சலில் வந்தது. ஏற்கெனவே விற்ற பெட்டிகளுக்கு அதை அனுப்பினார்களா என்று கேட்டேன், பதிலில்லை.

இதுவரை சொன்னவை எந்தத் தையல் பெட்டிக்கும் பொருந்தும் குறைநிறைகள். எனக்குள்ள முக்கியமான மனத்தாங்கல் கூடவே வந்த 24 பக்கக் கையேட்டின்மேல்தான்.

வழவழப்பான தாளில், நல்ல ஓவியங்களோடு, எளிய ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். தத்ரீஸின் வரலாற்றுக்கு 6 பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், அந்தப் பகுதி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஒரு பெண்ணின் மேலங்கியில் மார்புப் பகுதியில் உள்ள கோலத்தைப் பார்த்தே அவள் ஊரைச் சொல்லிவிட முடிந்த காலத்தையும், 1948இல் இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்து 400க்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளற்றுப்போன பிறகு, இல்லாத ஊர்களின் கோலங்களை அகதி முகாம்களில் அந்த ஊர்ப் பெண்களே தொடர்ந்து தைத்ததையும் தெளிவாகச் சொல்கிறார்கள். 1987இல் தொடங்கிய முதல் இன்திஃபாதாவின்போது, அதாவது இஸ்ரேலிய ஆட்சிக்கு எதிரான பாலஸ்தீன மக்கள் எழுச்சியின்போது, பொதுவெளியில் பாலஸ்தீனக் கொடியைப் பிடித்தால் இஸ்ரேலியப் படையினர் பிடுங்கிவிடுவார்கள் என்பதால், கொடியின் நான்கு நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் பெண்கள் தங்கள் உடுப்பிலேயே தைத்துக்கொண்டு நடந்ததும் இருக்கிறது. உடுத்திய துணியை எப்படிப் பறிமுதல் செய்வது? தோள்சீலைக்காகச் சந்தையில் அடிபட்ட பெண்களின் பேத்திகளுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. 1859ஆம் ஆண்டு அரசாணை வரும்வரை தென் திருவிதாங்கூரில் எங்கள் பெண்கள் மேலே போட்ட ஒரு முழத் துணிக்காக நடந்த கலவரங்கள் எத்தனை என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். 2021இல் யுனெஸ்கோ பாலஸ்தீனத் தையற்கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்ததோடு அந்தப் பகுதி முடிகிறது.

அதற்குப் பிறகு சிறைப் பகுதி தொடங்குகிறது, தாளின் தரம் மாறவில்லை, எழுத்தின் தரம் சட்டென்று இறங்கிவிடுகிறது. ‘ஒரு பெண்’ சிறையில் இருக்கிறாள். அவளுக்குப் பெயரில்லை, ஊரில்லை, வழக்கில்லை, ஆண்டில்லை, சிறைக்கே பெயரில்லை. துண்டிலிருந்து நூல் உருவி அவள் பூத்தைக்கிறாள், ஜன்னலில் பறவை வந்து உட்காருகிறது, அவள் கண்ணில் நீர் நிற்கிறது. எட்டு பக்கமும் இப்படியே போகிறது. ஓரத்தில் சுருள்முடியுடன் ஒரு சிறுமியின் படம் வரைந்திருக்கிறார்கள். அது அஹத் தமீமியின் முகம் என்பது செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். 2017 டிசம்பரில், 16 வயதில், தன் வீட்டு முற்றத்தில் நின்ற இஸ்ரேலியப் படைவீரனை அறைந்ததற்காகப் பிடிக்கப்பட்டு 8 மாதம் சிறையிலிருந்தவள், சிறைக்குள்ளேயே பள்ளியிறுதித் தேர்வு எழுதியவள். அவள் பெயரையாவது அந்தப் படத்துக்குக் கீழே போட்டிருக்கலாம்.

பெயரைத் தவிர்த்தால் கதை எல்லாருக்கும் பொதுவாகிவிடும் என்று தயாரித்தவர்கள் எண்ணியிருக்கக்கூடும். தையலில் அது நடக்காது என்பதை அவர்களே முதல் 6 பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். ஊர் தெரியாத கோலம் தத்ரீஸில் கோலமே இல்லை.

ஆகவே நான் அந்த எட்டு பக்கத்தைக் கிளிப் போட்டு மூடிவிட்டு, வகுப்பில் பிள்ளைகளுக்கு வேறு கதைகளைச் சொல்லத் தொடங்கினேன். தைக்கும் கைக்குக் கதை வேண்டும். 1967இல் மேற்குக் கரை இஸ்ரேலியப் படையின் கைக்கு வந்த சில மாதங்களிலேயே பிடிபட்ட ஃபாத்திமா பர்னாவியிலிருந்து தொடங்கினேன். ஜெருசலேமில் பிறந்தவர், தந்தை நைஜீரியர். ஒரு திரையரங்கில் வெடிகுண்டு வைத்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார். யார் உயிரும் போகவில்லை. பத்தாண்டுக்குப் பின் 1977இல் விடுதலையாகி நாடு கடத்தப்பட்டார். கையேட்டுக்காரர்கள் இவரை ஏன் சேர்க்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. வெடிகுண்டும் பறவையும் ஒரே பக்கத்தில் நிற்காது. ஆனால் கஷ்டப்படுவதால் மட்டுமே ஒரு பெண் நம் இரக்கத்துக்கு உரியவளாகிறாள், ஏதாவது செய்திருந்தால் அவளைப் பற்றிப் பேச வேண்டாம் என்பது என்ன கணக்கு? அவர் செய்தது சரியென்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. என்ன செய்தார், என்ன தண்டனை பெற்றார், எத்தனை ஆண்டு இருந்தார் என்று சொன்னேன்.

அடுத்து காலிதா ஜராரைச் சொன்னேன். 2006இல் பாலஸ்தீனச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இஸ்ரேல் தடைசெய்த, பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணி என்ற இயக்கத்தைச் சேர்ந்தவர். 2015 முதல் நான்கு முறை கைதாகி, பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தவர். அவற்றில் ஏறத்தாழப் பாதி ‘நிர்வாகக் காவல்’. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. சான்றுகள் இரகசியம் என்று கைதிக்கும் வழக்கறிஞருக்கும் காட்டப்படுவதில்லை. ஒருமுறைக்கு ஆறு மாதம் வரை ஆணையிடலாம், முடிந்தால் புதுப்பிக்கலாம், அதற்கு எல்லையில்லை. ஆங்கிலேயர் பாலஸ்தீனத்தை ஆண்டபோது 1945இல் எழுதிவைத்த அவசரகால விதிகளின் வாரிசு இது. நம்மூரில் குண்டாஸ் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும், அதற்கே ஒரு ஆணைக்கு ஓராண்டு என்ற வரம்பு உண்டு. வெளியே வரும் நாள் தெரியாத சிறையில் ஒருத்தி நாட்களை எப்படி எண்ணுவாள் என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஜரார் அந்த நாட்களில் வகுப்பு எடுத்தார் என்றேன். உடனிருந்த பெண்களைப் பள்ளியிறுதித் தேர்வுக்குத் தயார்செய்தார், சட்டம் கற்பித்தார். 2021 ஜூலையில் அவர் மகள் சுஹா ராமல்லாவில் வீட்டிலேயே இறந்தபோது ஜரார் டாமோன் சிறையில் இருந்தார். மகளின் அடக்கத்துக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. செப்டம்பரில் விடுதலையானதும் கல்லறைக்குப் போனார். 2023 டிசம்பரில் மீண்டும் கைதாகி, கடைசி மாதங்களைத் தனிமைச் சிறையில் கழித்து, 2025 ஜனவரியில் காஸா போர்நிறுத்த உடன்பாட்டின் கீழ் வெளியே வந்தபோது எடுத்த படத்தில் அவருடைய தலைமுடி முழுவதும் வெளுத்திருந்தது. அந்தப் படத்தைத் தொலைபேசியில் காட்டினேன். கையேட்டில் அதைப் போட்டிருந்தால் எட்டு பக்க ஓவியமும் வேண்டியிருந்திருக்காது.

இந்த டாமோன் சிறை ஹைஃபா நகருக்கு மேலே கார்மேல் மலையில் இருக்கிறது, ஆங்கிலேயர் காலத்தில் புகையிலைக் கிடங்காக இருந்த கட்டடம். இதை நான் சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில் என் பக்கத்து வீட்டுப் பெண் வீடியோ அழைப்பில் வந்தாள். எங்கள் பகுதியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் முதியோரைக் கவனிக்கும் வேலைக்கு இஸ்ரேல் போயிருக்கும் எத்தனையோ பெண்களில் அவள் ஒருத்தி. ஹைஃபாவில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் இங்கே வீட்டுக்கு மாடி எழும்பியது. என் மடியில் கிடந்த துணியைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டாள், சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அந்த மலைக்க மேல பைன் மரத்துக்க அடியில சனிக்கிழமை நாங்க சோறு கொண்டுபோயித் தின்னோம் அக்கா, செயிலு இருக்குன்னு ஆருக்குத் தெரியும்?” என்றாள். பிறகு, அவள் பார்த்துக்கொள்ளும் அம்மா மிகவும் நல்லவர் என்று சொன்னாள். நானும் ஆமென்றேன். அந்தப் பேச்சை அதற்குமேல் இருவரும் வளர்க்கவில்லை.

எண்ணிக்கைக்குத் திரும்புகிறேன், ஏனெனில் இந்தப் பெட்டியைத் தைத்தபோது எனக்குப் பிடிபட்ட ஒரே விஷயம் அதுதான். அங்குள்ள சிறைகளில் நாளுக்குப் பல முறை கைதிகளை நிற்கவைத்து எண்ணுவார்கள். கைதிகள் அதை ‘அடத்’ என்கிறார்கள், அரபியில் எண்ணிக்கை என்றே பொருள். தலைகள் சரியாக இருக்கின்றனவா என்று காவலர் எண்ணும் எண்ணிக்கை அது. பெண்கள் தங்களுக்குள் எண்ணிக்கொண்ட எண்ணிக்கை வேறு. 1983-84இல் ரம்லாவிலுள்ள நேவே திர்ஸா சிறையில் பாலஸ்தீனப் பெண் கைதிகள் காவலர்களுக்குச் சமைத்துப்போட மாட்டோம் என்று கரண்டியை வைத்துவிட்டு, அதற்காக வந்த தண்டனைகளை மாதக்கணக்கில் தாங்கினார்கள். ஒருத்தி மட்டும் சமைக்க ஒப்பியிருந்தால் அது அன்றே முடிந்திருக்கும்.

அதைவிடப் பெரியது தெல் மோண்ட் சிறையில் நடந்தது. இஸ்ரேலுக்கும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கும் இடையே 1995 செப்டம்பரில் கையெழுத்தான இரண்டாம் ஆஸ்லோ ஒப்பந்தத்தின்படி பெண் கைதிகள் அனைவரையும் விடுவிக்க வேண்டும். பட்டியல் வந்தபோது சிலர் பெயர் இல்லை. கொலை வழக்கில் தண்டனை பெற்ற சிலருக்கு மன்னிப்பளிக்க இஸ்ரேலியக் குடியரசுத் தலைவர் எய்சர் வைஸ்மன் மறுத்துவிட்டார், வேறு சிலருக்கு இராணுவத் தளபதி மறுத்தார். பட்டியலில் பெயர் இருந்த பெண்கள், எல்லாரையும் விட்டால்தான் போவோம் என்று சொல்லி, தங்களை வெளியே அனுப்பிவிடாதபடி அறைகளுக்குள் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். கதவைத் திறந்துவிட்ட சிறையில் அவர்கள் மேலும் 16 மாதம் இருந்தார்கள். 1997 பிப்ரவரியில் ஏறத்தாழ 30 பெண்களும் சேர்ந்து வெளியே வந்தார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் ஊசிகள் நின்றுவிட்டன. வெளிப்படையாகப் பேசும் பிள்ளை ஒருத்தி, “பேரு விளிச்சா நான் போயிருவேன் டீச்சர்” என்றாள். நானும் போயிருப்பேன் என்றுதான் சொன்னேன். வீட்டில் குழந்தை இருக்கும், அம்மா படுக்கையில் இருப்பாள், 16 மாதம் என்பது முன்கூட்டியே தெரியாது, 16 ஆண்டாகவும் ஆகலாம். தங்களோடு ஒரே ஊர்க்காரி என்பதற்காகவோ உறவு என்பதற்காகவோ அவர்கள் தங்கவில்லை. ஒரே கட்சிகூட இல்லை. கூட இருந்தவள் என்பதே காரணமாக இருந்தது. கையேட்டிலுள்ள பெண்ணுக்கு நேர்ந்த அநியாயம் என்னவென்று அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது. அவளைத் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். அறையில் அவளும் பறவையும் மட்டும் இருக்கிறார்கள். சிறை நிர்வாகங்கள் தனிமைச் சிறை என்று எதைத் தண்டனையாக வைத்திருக்கின்றனவோ, அதையே ஓவியர் அழகென்று நினைத்து வரைந்திருக்கிறார்.

இன்னொன்றும் கேட்டேன். ‘உங்கள் பணம் பாலஸ்தீனப் பெண்களைச் சென்றடைகிறது’ என்று பெட்டி மூடியில் அச்சிட்டிருக்கிறார்கள். 3,450 ரூபாயில் எவ்வளவு, யாருக்கு, எப்படி என்று கடைக்காரருக்கு எழுதினேன். நன்றி சொல்லி, தங்கள் நோக்கங்களை விவரித்து, எண் ஏதும் இல்லாத நீண்ட பதில் ஒன்று வந்தது. கைவேலைக்காரிக்கு என்ன கூலி என்ற கேள்வியை நாங்கள் எளிதில் விடமாட்டோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மிஷனரிப் பெண்மணி மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தபோது, அடிமைகளாயிருந்த பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்பது இந்த மாவட்டத்தின் வரலாறு. 1897இல் முளகுமூட்டில் பெல்ஜியக் கன்னியர் மடம் தொடங்கிய பிறகு லேஸும் எம்பிராய்டரியும் இப்பக்கத்துப் பெண்களின் பிழைப்பாகவே ஆயின. என் அம்மாச்சி அங்கே பின்னினாள். முழக்கணக்கில் கூலி, அளந்து வாங்கும் சிஸ்டர் முதலில் துணியைத் திருப்பி அடிப்புறத்தைத்தான் பார்ப்பார் என்று சொல்லுவாள். தத்ரீஸ் தைக்கும் பெண்களும் அடிப்புறத்தை வைத்தே கைத்திறனை அளக்கிறார்கள் என்று அதே கையேட்டின் 5ஆம் பக்கத்தில் படித்தபோது, பார்த்தறியாத அந்தப் பெண்களோடு எனக்கு ஏற்பட்ட நெருக்கம் மிச்சமிருந்த எட்டு பக்கக் கண்ணீரால் ஏற்படவில்லை.

சரி, வாங்கலாமா? குறுக்குத் தையல் ஏற்கெனவே தெரிந்தவர்கள் இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை. துணியும் ஆங்கர் நூலும் ஊசியும் மார்த்தாண்டத்தில் 700 ரூபாய்க்குள் முடிந்துவிடும். புதிதாகக் கற்பவர்களுக்குத் துணிக்காகவும், மூன்று கோலங்களுக்காகவும், கையேட்டின் முதல் 6 பக்கங்களுக்காகவும் வாங்கலாம் என்று தயக்கத்தோடு சொல்லுவேன். சிறையிலுள்ள பெண்களைப் பற்றி அறிவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். 2023 அக்டோபருக்குப் பிறகு குடும்பத்தினர் சந்திப்பும் செஞ்சிலுவைச் சங்கத்தின் வருகையும் நிறுத்தப்பட்ட சிறைகள் அவை. அங்கிருந்து வழக்கறிஞர்கள் வழியாக வரும் சொற்கள் சொற்பம், அவற்றில் பெயர்களும் தேதிகளும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் படிப்பது மேல்.

வாங்கியே தீர்வதென்றால், சிவப்பு நூலைத் தைப்பதற்கு முன்பே குளிர்ந்த நீரில் போட்டு, நிறம் வராமலாகும்வரை நீரை மாற்றி அலசி, நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். வெந்நீர் கூடவே கூடாது. வெள்ளைப் பட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். வரைபடத்தில் 41ஆம் வரிசையில், வலப்பக்கத்து மரத்தின் நுனிக்கு நேர்கீழே, ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறது. பென்சிலால் அதைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்குங்கள்.